இருநூறு கட்டுரைகளின் முதல் ஆசிரியர்

இயற்பியலோ நிதியியலோ உயிரியலோ கணிதமோ, இயக்குநர் வைகுந்தநாதன் பெயர் முதலில் இல்லாமல் அந்த ஆய்வு நிறுவனத்திலிருந்து ஒரு கட்டுரையும் வெளியே போகாது. கணித ஆய்வு மாணவி பொன்ராக்கு தன் கட்டுரையையும் பட்டப் படிவத்தையும் நீட்டினாள்.

"என் பேர் எங்கம்மா? அது இல்லாம உன் பட்டத்துக்குக் கையெழுத்து கிடையாது."

"முதல்லயே போட்டுடறேன் சார். ஒரு தடவை படிச்சுப் பாருங்களேன்."

"எனக்கே பாடமா? கொண்டா!" இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்.

கருத்தரங்கில் தலைவர் கட்டுரையின் முடிவை உரக்க வாசித்தார்: "நான்கு துறைகளில் ஆண்டுக்கு இருநூறு கட்டுரைகளுக்குப் பெயர் கொடுப்பவருக்கு அவற்றைப் படிக்க நேரமே இருக்காது என்று நிறுவியிருக்கிறோம்."

அரங்கம் அதிர்ந்தது. தலைவர் வைகுந்தநாதன் பக்கம் திரும்பினார். "துணிச்சல்தான்! நீங்க எழுதினதா சார்?"

ஆமென்றால் அவமானம், இல்லையென்றால் அதுவே நிரூபணம். வைகுந்தநாதன் தண்ணீர் குடித்தார்.

"சார் ஒரு எழுத்துகூடத் திருத்தலைங்க," என்றாள் பொன்ராக்கு பணிவாக.