அத்திப்பழக் கூடை

ஏதென்ஸ் நகரத்தில் லைகோன் என்று ஒரு நாடகக்காரன். எழுதுவதெல்லாம் நகைச்சுவை, முகத்தில் மட்டும் எப்போதும் கடுகடுப்பு. முதல் நாடகத்துக்கு ஊரே திரண்டது. அதோடு சரி.

நேற்று திருவிழாவில் அவனுடைய புது நாடகம். சனங்களைக் குஷிப்படுத்த மேடையிலிருந்து உலர்ந்த அத்திப்பழம் வீசுவது அந்த ஊர் வழக்கம். லைகோனும் வீசச் சொன்னான். எங்கே வீசச் சொன்னான்? சரியாக, அவர்கள் சிரிக்க வேண்டிய இடத்தில்! வாய் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு எவன் சிரிப்பான்? அத்தனை பேரும் உட்கார்ந்து மென்றார்கள். அடுத்த வருஷம் உனக்கு மேடை கிடையாது என்று விழா அதிகாரி சொல்லிவிட்டார்.

இன்று அதே மேடையில் ஒரு பழைய நாடகம். எழுதியவன் செத்து நூறு வருஷம் இருக்கும். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. லைகோனுக்கு வயிறு எரிந்தது.

பக்கத்தில் அவனுக்கு நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்த குரு, பிலினோஸ்.

"குருவே, இந்தச் செத்த பயகிட்ட அப்படி என்ன இருக்கு? என்கிட்ட என்ன இல்லை?"

"மடியில என்ன கூடை?"

"நேத்து மிஞ்சின பழம்." லைகோன் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த சிரிப்பு வர்ற நேரத்துல வீசப்போறேன். அவனுக்கும் எல்லாரும் மென்னு தொலைக்கட்டும்."

குரு கூடைக்குள் கையை விட்டார். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேடையில் ஒரு வெங்காய வியாபாரி. பக்கத்துக் கடைக்காரனின் சவ ஊர்வலத்தை எட்டிப் பார்த்தான். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப் பாவி! செத்த பிறகும் எனக்கு வரவேண்டிய கூட்டத்தை இழுத்துக்கிட்டுப் போறானே!"

வீசுவதற்காக எழுந்த லைகோன் கூடையோடு அப்படியே நின்றான். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தான். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொத்தென்று உட்கார்ந்தான்.

"அநியாயம், குருவே! இது என்னைப் பத்தி எழுதினது."

பிலினோஸ் பழத்தை மென்று விழுங்கினார்.

"போடா பைத்தியக்காரா. உன் முதல் நாடகத்துக்குக் கூட்டம் வந்த நாள்லேர்ந்து, இந்த வசனம் என்னைப் பத்தி எழுதினதுன்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."