ஞாயிறு பத்து மணி

குன்றடியில் ஒரு சின்ன மடம். அங்கே பாடம் சொல்கிறவர் மங்கையம்மா. வயது நாற்பதுதான். அவருடைய சீடர் தாணுமூர்த்திக்கோ அறுபத்தெட்டு. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை மங்கையம்மா 'ஐயா' என்றுதான் கூப்பிடுவார்.

வெளிநாட்டில் இருக்கிற நான்கு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு செல்போனில் பாடம் நடந்தது. ஆஸ்திரேலியாவில் ஒருவர், மலேசியாவில் ஒருவர், கத்தாரில் ஒருவர், கனடாவில் வதனி என்று ஒரு பெண். நேரம் குறித்தது தாணுமூர்த்தி. வருகைப் பதிவேடும் அவரிடம்தான் இருந்தது. கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் பேரை அடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வந்த பழக்கம் அது.

ஒரு ஞாயிறு பாடம் முடிந்ததும் பதிவேட்டைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார்.

"கனடாப் பொண்ணுக்கு மூணு கோடு ஆயிடுச்சும்மா."

"என்ன பண்ணுது அது?"

"ஒண்ணும் பண்ணலை. அதுதான் குத்தம். கேள்வி கேட்டா சத்தமே இல்லை. இன்னைக்குக் குறட்டையே கேட்டுது. ஆஸ்திரேலியாக்காரர் சிரிச்சிட்டார்."

"பாடத்துல ஆசை இல்லையோ?"

"கெஞ்சிக் கெஞ்சிச் சேர்ந்த பொண்ணும்மா. கைக்குழந்தையோட தனியாக் கிடக்கறேன், வாரத்துல இது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குன்னு சொன்னா. இப்போ பாருங்க."

"நேரம் வைக்கறப்போ கேட்டீங்களா?"

"எல்லார் முன்னாடியும் கேட்டேன். பத்து மணி தோதுப்படுமான்னு. மூணு பேரும் சரின்னாங்க. கடைசியா அவளைக் கேட்டேன். 'எனக்கு எந்த நேரமெண்டாலும் பரவாயில்லை ஐயா'ன்னா. அவ வாயால சொன்னதும்மா."

மங்கையம்மா பதிவேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"புதன்கிழமை வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

திங்கட்கிழமை மதியம். இருபது இலை போட்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மங்கையம்மா கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு மட்டும் தினம் ரெண்டேகாலுக்கு ஒரு பாட்டு வீதம் பாடம் வெச்சுக்கலாமா? தோதுப்படும்தானே?"

இருபது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்தாம்மா," என்றார் தாணுமூர்த்தி.

இரண்டிலிருந்து மூன்றரை வரை அவர் தூங்குகிற நேரம். மடத்தில் பூனைக்குக்கூட அது தெரியும்.

முதல் நாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாட்டுக்குப் பொருள் கேட்டதற்கு, "ஆமாம்மா" என்றார்.

இரண்டாம் நாள் வேறு ஏதோ பாட்டுக்குப் பொருள் சொன்னார். மடத்தில் சமைக்கிற சொர்ணம் எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள்.

மூன்றாம் நாள் பாட்டின் முதல் அடி முடியவில்லை. தாடை நெஞ்சில் இறங்கிவிட்டது.

"ஐயா."

தூக்கிவாரிப் போட்டு விழித்தார். அம்மா கையில் பதிவேடு. அதில் புதிதாக அவருடைய பேர். பேருக்கு நேரே மூன்று கோடு.

"பேரை அடிச்சிரட்டுமா?"

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அக்கறை இல்லாம இல்லைம்மா. சாப்பிட்ட உடனே கண்ணு சொக்குது. வேற எந்த நேரம்னாலும் நான்…"

"உங்களைக் கேட்டுத்தானே வெச்சேன்?"

"இருபது பேர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"

மங்கையம்மா பதிவேட்டை மூடிக் கீழே வைத்தார். வெளியே கொடியில் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார். "நம்ம பத்து மணிக்கு அந்தப் பொண்ணுக்கு மணி என்ன, ஐயா?"

தாணுமூர்த்தி விரலை மடக்கி மடக்கிப் பின்னோக்கி எண்ணினார்.

"பன்னிரண்டரை."

"பகலா?"

"ராத்திரிம்மா."

"இத்தனை வாரமா நானும் கேக்கலை," என்றார் மங்கையம்மா.

அன்று மாலையே தாணுமூர்த்தி நான்கு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் காலை கோடு போட்ட தாளில் ஒரு பட்டியல் கொண்டுவந்தார். பதிவேட்டில் வதனியின் பேருக்கு நேரே இருந்த மூன்று கோட்டையும் அழித்திருந்தார்.

"எல்லாருக்கும் நல்ல நேரம்னு ஒண்ணு கிடையாதும்மா. அதனால முறை வெச்சுட்டேன். பாத்திரம் கழுவ முறை வெச்ச மாதிரி. ஒரு வாரம் கனடாவுக்குச் சிரமம், ஒரு வாரம் மலேசியாவுக்கு, ஒரு வாரம் கத்தாருக்கு, ஒரு வாரம் ஆஸ்திரேலியாவுக்கு. இனிமே யாரும் வாயைத் திறக்க முடியாது."

அம்மா பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் படித்தார்.

"வதனி என்ன சொன்னா?"

"முதல்ல பழையபடி பரவாயில்லை பரவாயில்லைன்னா. விடாமக் கேட்டேன். பகல் ரெண்டு மணிக்குப் பிள்ளை நித்திரை கொள்ளுமாம். அப்போன்னா ஒரு வார்த்தை விடாமக் கேப்பாளாம்."

"அந்த ரெண்டு மணி இதுல எங்கே?"

"அது வேண்டாம்னு விட்டுட்டேம்மா."

"ஏன்?"

"அப்போ நமக்கு ராத்திரி பதினொன்றரை. எட்டு மணிக்கு மேல என்னால கண்ணைத் திறந்து வெச்சுக்க முடியாதே."

"வதனிக்கும் முடியலை, ஐயா. சொல்லத்தான் இல்லை."

தாணுமூர்த்தி பட்டியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.