யானை விலைக் காபி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்குத் தெரியாது, செண்டலங்கார பூபதி என்றொரு அரசன் இருந்தான். நல்லவன்தான். குடிகளை வதைத்ததில்லை, அண்டை நாட்டோடு வம்புக்குப் போனதில்லை. ஒரே ஒரு கோளாறு. விலை அதிகமான பொருள்தான் அவனுக்கு நல்ல பொருள். கத்தரிக்காய் மலிந்தால் கசக்கும். விலை ஏறினால் அதே கத்தரிக்காயை மூன்று வேளையும் கேட்பான்.

அவன் அவையில் தொந்தியப்பன் என்ற விகடகவி இருந்தான். பெயரில்தான் தொந்தி, ஆள் முருங்கைக்காய். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அந்தச் சிரிப்பைக் கண்டு வயிறெரிவது மந்திரி நீலமேகர், தளபதி உக்கிரசேனர், அரண்மனை வைத்தியர் பொன்னுரங்கர் ஆகிய மூவரின் வேலை. எல்லோரும் தத்தம் வேலையைக் குறைவில்லாமல் செய்து வந்தார்கள்.

ஒரு நாள் மலைநாட்டு வியாபாரி ஒருவன் சின்னஞ்சிறு பட்டுப்பையோடு அவைக்கு வந்தான். நாலைந்து காபிக்கொட்டைகளை எடுத்து அரசன் முன் உருட்டிக் காட்டினான்.

"சாமி, சாதாரணக் காபிப் பழத்தைப் பிதுக்கினா உள்ளே ரெண்டு கொட்டை இருக்கும். ஒண்ணையொண்ணு நெருக்கி, ஒரு பக்கம் தட்டையாப் போயிடும். நூறு பழத்துல அஞ்சாறு பழத்துலதான் ஒத்தக் கொட்டை விளையும். வீடு பூரா தனக்கேன்னு முத்தாட்டம் உருண்டுக்கும். அதை மட்டும் ஒண்ணொண்ணாப் பொறுக்கின சரக்கு இது. முத்துக்கொட்டைன்னு பேரு."

"விலை என்ன?"

"யானை விலைங்க, சாமி."

வேறு அரசனாக இருந்தால் அந்த வியாபாரியை வாசலோடு விரட்டியிருப்பான். நம் அரசனுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "எந்த யானை வேண்டும்?" என்று கேட்டான். வியாபாரி திகைத்து விழிப்பதற்குள், திருவிழாவில் அரசனைச் சுமந்து வரும் பட்டத்து யானை மாணிக்கத்தை அவிழ்த்துவரச் செய்து, சங்கிலியை அவன் கையில் கொடுத்துவிட்டான். வியாபாரி யானையை ஓட்டிக்கொண்டு போனானா, யானை வியாபாரியை இழுத்துக்கொண்டு போனதா என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பையில் மூன்று டம்ளருக்குத்தான் கொட்டை இருந்தது. அரண்மனையில் காபி போடத் தெரிந்தவன் தொந்தியப்பன் ஒருவனே. அவையில் சேருமுன் மலைநாட்டில் கூத்தாடித் திரிந்தபோது கற்றுக்கொண்டது. மறுநாள் காலையில் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி, கொட்டையைக் கைவிடாமல் கிளறி, கருப்பாவதற்கு ஒரு கணம் முன்னால் இறக்கினான். ஆறவிட்டு, அப்போதே அரைத்து, பித்தளைப் பில்டரில் இட்டான். (அந்தக் காலத்தில் பில்டர் ஏது என்று கேட்காதீர்கள், கதை சொல்வது நான்.) கொதித்த தண்ணீரைச் சற்று அடங்கவிட்டு, சுற்றி ஊற்றி மூடினான். பில்டரைத் தட்டவில்லை, ஆட்டவில்லை, திறந்து பார்க்கவும் இல்லை. டிகாஷன் தானாகச் சொட்டி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் கறந்த பாலைப் பொங்கும் நேரத்தில் இறக்கிச் சேர்த்து, டவராவிலிருந்து டம்ளருக்கு இரண்டே ஆற்று ஆற்றினான். இந்தக் காபிக்குச் சர்க்கரை போட்டால் பாவம் என்று வியாபாரி சொல்லியிருந்ததால் சர்க்கரை போடவில்லை.

வாசனை அரண்மனை முழுக்கப் பரவியது. தொந்தியப்பன் மடைப்பள்ளியை விட்டு வெளியே வந்ததும் மூவரும் வழிமறித்தார்கள்.

"மன்னர் அருந்துவதை முன்னே சோதிக்க வேண்டும் என்பது மூதாதையர் வகுத்த வழக்கம்," என்றார் வைத்தியர். நாக்கில் ஒரு துளி வைப்பதாகச் சொல்லி இரண்டு மடக்கு இழுத்தார். "வைத்தியர் சோதித்தது சரிதானா என்று பார்ப்பது என் கடமை," என்று மந்திரி மூன்று மடக்கு. "படையின் சார்பில்," என்று தளபதி. அவர் மடக்கை யாரும் எண்ணவில்லை.

அரசனிடம் போய்ச் சேர்ந்தது நுரை. அவன் ஆவலோடு டம்ளரைக் கவிழ்த்தான். மீசைதான் காபி குடித்தது.

"இதற்கா ஒரு யானை கொடுத்தேன்?" என்று அலறினான்.

"வழியிலேயே குடித்துவிட்டான், மன்னா," என்றார் மந்திரி. "நாங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு துளிதான் சோதித்தோம்."

"துளிதான், மன்னா," என்றான் தொந்தியப்பன். "ஆனால் துளியின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது."

அரசன் சிரிக்கவில்லை. மறுநாளும் இதே கதை நடந்தது. இப்போது பையில் ஒரே ஒரு டம்ளருக்குத்தான் கொட்டை மிச்சம். அரசனின் பொறுமையில் மிச்சமே இல்லை.

"நாளை ஏகாதசி. நான் விரதம். நாளை மறுநாள் துவாதசிக் காலையில் கடைசிக் காபியோடு நீ வர வேண்டும்," என்றான். "என் பாட்டனாரின் பாட்டனார் பாயசத்தில் யாரோ கலந்த விஷத்தால் இறந்தவர். ஆகவே வழக்கம் மாறக்கூடாது, மூவரும் சோதித்தே ஆக வேண்டும். ஆனால் டம்ளர் என்னிடம் தளும்பத் தளும்ப வர வேண்டும். ஒரு சொட்டுக் குறைந்தாலும், மாணிக்கத்தின் வேலையை இனி நீ பார்ப்பாய். வருகிற திருவிழா முதல் என்னை முதுகில் சுமந்து நான்கு மாட வீதியும் சுற்ற வேண்டும்."

அரசனின் எடை மூன்று மூட்டை நெல். தொந்தியப்பனின் எடை, ஈரத்துணி உடுத்தியிருந்தால், அரை மூட்டை. தளபதி அப்போதே நூலை எடுத்து வந்து, அம்பாரி பொருந்துமா என்று அவன் முதுகை அளந்து பார்த்தார்.

தொந்தியப்பன் மடைப்பள்ளிக்குத் திரும்பி, அடுப்பருகே தலையில் கைவைத்து உட்கார்ந்தான். உண்மையாகவே பயந்துபோனான். ஊரையே சிரிக்க வைப்பவனுக்கு அன்று தன்னைச் சிரிக்க வைக்கத் தெரியவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தவன் கண்ணில், சுவரில் தொங்கிய செப்பேடு பட்டது. மடைப்பள்ளி வழக்கங்களை எழுதி மூதாதையர் மாட்டியது. எத்தனையோ தலைமுறைக் கரி ஏறி, தோசைக்கல்லா செப்பேடா என்று தெரியாமல் இருந்தது. 'வழக்கம், வழக்கம் என்கிறார்களே, வழக்கம் என்னதான் சொல்கிறது?' என்று அதை இறக்கி, புளி போட்டுத் தேய்த்தான். எழுத்து பளிச்சென்று வந்தது. படிக்கப் படிக்க அவன் முகமும் அப்படியே ஆனது.

ஏகாதசிக் காலை அவை கூடியதும் செப்பேட்டோடு நுழைந்தான்.

"அரசே, வழக்கத்தை ஓர் எழுத்தும் விடாமல் காக்க வந்திருக்கிறேன். கேளுங்கள்: 'மன்னர் உண்பதைச் சோதிப்போர், சோதித்த பின் ஒரு பகலும் ஓர் இரவும் பூட்டிய அறையில் இருக்கக் கடவர். மெல்லக் கொல்லும் நஞ்சும் உண்டாதலால், அவர் உயிரோடிருப்பதைக் கேட்டறிந்த பின்பே மன்னர் உண்ணக் கடவர்.'"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்படியானால் நேற்றுப் போட்ட காபியை நான் இன்று குடிப்பதா? சீ!" என்றான் அரசன்.

"வேண்டாம், அரசே. காபிக்குள் போவது என்ன? தண்ணீர், கொட்டை, பால். இவை மூன்றையும் இன்றே சோதித்துவிடுவோம். நாளைக் காலை இவர்கள் உயிரோடிருந்தால், சோதித்த பொருளில் சுடச்சுடக் காபி. வழக்கமும் நிற்கும், டம்ளரும் நிறையும்."

"ஆகட்டும்!" என்றான் அரசன். வழக்கம், வழக்கம் என்று இரண்டு நாளாகக் கூவியவர்கள் இப்போது எந்த வாயால் மறுப்பது?

தொந்தியப்பன் அரண்மனைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்து, மந்திரிக்கு ஒரு செம்பு கொடுத்தான். அவர் ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் மூக்கு சிவந்தது. வைத்தியருக்கு ஒரே ஒரு முத்துக்கொட்டை, வறுக்காமல் பச்சையாக. கடித்தார். கொட்டை உடையவில்லை, கடைவாய்ப்பல் ஆடியது.

"எனக்குப் பாலா?" என்று தளபதி ஆசையோடு கேட்டார்.

"இன்றைய பால் நாளைக்குத் திரிந்துவிடும், தளபதியாரே. நாளைப் பாலுக்குள் போகப்போவது பசுவின் இன்றைய தீனிதானே?" என்று சொல்லி, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கலந்த தொட்டியை அவர் முன் வைத்தான்.

"இன்று ஏகாதசி! நான் விரதம்!"

"இதில் அரிசி இல்லை. விரதம் கெடாது."

நாட்டைக் காக்கும் தளபதி மன்னர் முன்னிலையில் நின்று புண்ணாக்கு மென்றார். அரசனின் தொப்பை மெல்லக் குலுங்கத் தொடங்கியதைத் தொந்தியப்பன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான். பிறகு மூவரையும் மடைப்பள்ளியை ஒட்டிய அறையில் விட்டுப் பூட்டினார்கள்.

துவாதசிக் காலை அரசன் தானே மடைப்பள்ளிக்கு வந்துவிட்டான். கொட்டை வறுபடும் வாசனை ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் போனது. உள்ளே பெருமூச்சு கேட்டது. டிகாஷன் சொட்டியபோது முனகல். பாலைச் சேர்த்து ஆற்றியபோது அழுகையே கேட்டது.

டம்ளர் தளும்பத் தளும்ப அரசன் கையில் வந்தது. "உயிரோடு இருக்கிறீர்களா?" என்று அவன் கதவைப் பார்த்துக் கேட்டான்.

"இருக்கிறோம், மன்னா! திறக்கச் சொல்லுங்கள்!"

"காபி ஆறிவிடும், அரசே," என்றான் தொந்தியப்பன். "முதலில் டம்ளர், பிறகு சாவி."

அரசன் குடித்தான். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. மீசையில் ஒட்டிய நுரையையும் விடாமல் நக்கிக்கொண்டான். "மாணிக்கம் போனது போகட்டும்," என்றான் கடைசியில். "அவ்வளவு நன்றாக இருக்கிறது. உன் முதுகு தப்பியது. என்ன பரிசு வேண்டும், கேள்."

"மூன்று முறை போட்டேன், அரசே. என் நாக்கில் ஒரு சொட்டுக்கூடப் பட்டதில்லை. பில்டரில் கிடக்கும் தூளைக் கொடுங்கள், அது போதும்."

"சக்கையை வைத்து என்ன செய்வாய்?"

"இரண்டாம் டிகாஷன் என்று ஒன்று உண்டு. விலை ஒன்றுமில்லாததால் தாங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்," என்று அதே தூளில் வெந்நீர் ஊற்றினான்.

வாசனை மறுபடி எழுந்ததும் அரசன் தன்னை மறந்து கையை நீட்டினான். தொந்தியப்பன் டம்ளரைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான்.

"பொறுங்கள், அரசே! வழக்கம்!" என்று ஒரு மடக்குக் குடித்தான். நெற்றியைச் சுருக்கினான். "நஞ்சு இருக்கிறதா என்று சரியாகத் தெரியவில்லை." இன்னொரு மடக்கு. "இன்னும் சந்தேகம்தான்." மூன்றாவது மடக்கில் டம்ளர் பாதி காலி.

"அடேய், சோதித்தவனை ஒரு நாள் பூட்டி வைக்க வேண்டுமே!"

"பூட்டுங்கள், அரசே. இந்த மடைப்பள்ளியிலேயே பூட்டுங்கள். சாவி மட்டும் உள்பக்கம் இருக்கட்டும்."

அரசன் சிரித்தான். தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பூட்டிய அறைக்குள் இருந்தவர்கள் மன்னருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கதவை இடித்தார்கள். சிரித்து முடித்ததும் மிச்சம் பாதியை வாங்கிக் குடித்தான். வெறும் சக்கையில் இறங்கிய காபி. அதுவும் அவனுக்கு இனித்தது. தன் தங்க டம்ளரையும் மடைப்பள்ளிச் சாவியையும் தொந்தியப்பன் கையில் வைத்து, இனி எந்தக் காபியானாலும் முதல் டம்ளர் போட்டவனுக்கே என்று செப்பேட்டில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்.

அந்த ஆண்டுத் திருவிழாவில் அரசன் பல்லக்கில் வந்தான். தண்டைத் தோளில் சுமந்தவர்கள் மந்திரி, தளபதி, வைத்தியர். நான்காவது ஆள் கிடைக்கவில்லை என்று பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தே நான்கு வீதியும் போனது. முன்னால் தங்க டம்ளரோடு தொந்தியப்பன் நடந்தான். அவன் குடித்த காபியின் மணம் தெருக்கோடி வரை வந்ததாம். எனக்கு இந்தக் கதைதான் வந்தது.