கிணற்று மீன் மேலே வராத நாள்

சவரியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டாக்டர் தில்ஷாத்துக்கு முப்பத்தாறு. பரிசோதனைக்குத் தொண்டையிலிருந்து சளி எடுப்பது, கிணற்றில் கொசுப்புழு பார்ப்பது எல்லாம் பத்து நாள் பயிற்சியில் அவரிடம் கற்றதுதான். அன்றிலிருந்து சவரியப்பன் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

பயிற்சி முடிந்ததும் சவரியப்பனை ஒரு தீவுக்குச் சுகாதாரப் பணியாளராகப் போட்டார்கள். அங்கே பதினொரு கிணறு. கொசுப்புழுவைத் தின்பதற்காக எல்லாவற்றிலும் வெளியூர் மீனைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மீன் உயிரோடு இருக்கிறதா, ஊரில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று பார்த்து, வியாழன்தோறும் டீச்சரின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒன்றுமில்லை என்பதையும் அரசாங்கம் எழுத்தில் பார்த்தாக வேண்டும்.

இரண்டு வருடம் அனுப்பினார். மீன் இருக்கு, புழு இல்லை, காய்ச்சல் இல்லை. எல்லா வாரமும் இதேதான். பதிலென்று ஒரு எழுத்து வந்ததில்லை. மனைவி இறந்துபோன பிறகு பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனிதர். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து மீனோடு பேசுகிறார் என்று ஊரில் கேலி செய்தார்கள். அது பொய்யும் இல்லை.

ஒரு வியாழன் அவர் அனுப்பவில்லை; போனையும் அணைத்துவைத்தார். மறுநாள் காலை, வேலையை விடுகிறேன் என்று எழுதிய கடிதத்தோடு படகேறினார்.

கரையில் இறங்கினால், அதே படகில் ஏறுவதற்கு டீச்சர் நிற்கிறார். தோளில், எடுத்த சளியை வைக்கும் ஐஸ் பெட்டி. முகத்தில் மாஸ்க்.

"காய்ச்சலாண்ணே?"

"எனக்கா? இல்லியே டீச்சர்."

"ஊர்ல?"

"யாருக்கும் இல்ல."

டீச்சர் பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார்.

சவரியப்பன் கடிதத்தை நீட்டினார். "ஒண்ணுமில்லன்னு எழுதுறதுக்கு ஒரு ஆள் எதுக்கு? ஏதாவது வந்தா அன்னிக்குச் சொன்னாப் பத்தாதா?"

டீச்சர் அதை வாங்கவில்லை. படகுத்துறைக் கிணற்றைக் காட்டினார். "இதுலயும் மீன் விட்டிருக்கு. இருக்கான்னு பாருங்க."

சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பொரியை எடுத்துத் தூவினார் சவரியப்பன். தீவில் பொரி விழுந்த உடனே மீன்கள் மேலே வந்துவிடும். இங்கே ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூவினார். பொரி மிதந்துகொண்டே இருந்தது. கடிதத்தைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு வாளியை இறக்கினார். மூன்றாவது வாளியில் இரண்டு மீன் துள்ளின. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எதுக்குண்ணே வாளிய எறக்குனீங்க?"

"மேல வரலியே டீச்சர். மனசு கேக்கல."

டீச்சர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார். சவரியப்பனும் பார்த்தார்.

மீன்களைத் திரும்ப விட்டார். வெறும் வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களும் வாராவாரம் தலைமை ஆபீசுக்கு அனுப்புறீங்கல்ல டீச்சர்?"

"ஒம்பது வருஷமா."

"அவங்க பதில் போடுவாங்களா?"

டீச்சர் மாஸ்க்கைக் கழற்றினார். கண்கள் சிவந்திருந்தன.

"இதுவரைக்கும் இல்லண்ணே. வியாழக்கிழமை உங்களோடது வந்ததும் படிச்சிட்டு வீட்டுக்குக் கெளம்புவேன். நேத்து நான் வீட்டுக்குப் போகல."