சாம்பார் ஊசவில்லை

எங்கள் ஆஸ்பத்திரியில் குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு ஐம்பத்தைந்து.

குரு, காது மூக்கு தொண்டை டாக்டர் ஷமீலா. சீடர், தாடை ஆபரேஷனில் பேர் வாங்கிய பல் டாக்டர் எட்வின். மேல்தாடைப் பல்லில் வரும் நோய் வேர் வழியாக ஏறி, மூக்கை ஒட்டிய சைனஸ் அறைக்குள் புகுந்துவிடும். அதைப் பார்க்க, மூக்குக்குள் குழாய் விடும் எண்டோஸ்கோப்பி பழகவேண்டும் என்று அவராகவே வந்து சேர்ந்தார். நான் அந்த அறையின் நர்ஸ். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா என்ன?

ஒருநாள் காலை எட்வின் சார் கேட்டார்.

"மேடம், உள்ளே பார்த்துட்டு ‘ஒண்ணுமில்ல’ன்னு எப்போ தைரியமா சொல்லலாம்?"

மேடம் அடுத்த சீட்டை எடுத்தார். "அடுத்தவங்களை வரச் சொல்லும்மா" என்றார் என்னிடம்.

வந்தவர் சாத்தூர் பெத்துராஜ். கூடவே அவர் மனைவி பொன்னுத்தாய், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு.

"எதை மோந்தாலும் ஊசின வாடை, டாக்டர். மூக்குல ஆபரேஷன்கூடப் பண்ணியாச்சு. போகல."

"என்னத்த எதை மோந்தாலும்? என் சாம்பாரைத்தான் சொல்றாரு!" என்றார் பொன்னுத்தாய். "ஒரு வருஷமா ஊசிப்போச்சு, ஊசிப்போச்சுங்கிறாரு. பார்த்த டாக்டரெல்லாம் ஒண்ணுமில்ல, மனசுதான்னுட்டாங்க. இன்னைக்கும் ஒண்ணுமில்லைன்னா நான் நேரா எங்க அண்ணன் வீட்டுக்குத்தான். பையோடதான் வந்திருக்கேன்."

பை நிஜமாகவே இருந்தது. பெரிய பை.

மேடம் நோயாளியின் மூக்கை மரத்துப்போக வைத்துவிட்டு, நேராகப் பார்க்கும் எண்டோஸ்கோப்பை எட்வின் சார் கையில் கொடுத்தார். திரையில் பெத்துராஜின் மூக்கு சுரங்கம் மாதிரி விரிந்தது. பழைய ஆபரேஷனில் அகலமாக்கிய சைனஸ் வாசல் பளிச்சென்று தெரிந்தது.

"வாசல் திறந்திருக்கு. சுத்தமா இருக்கு." எட்வின் சார் குழாயை வெளியே எடுத்தார். "ஒண்ணுமில்ல."

பொன்னுத்தாய் பையைத் தூக்கினார். பெத்துராஜின் முகம் செத்துப்போனது.

"உட்காருங்கம்மா" என்றார் மேடம். என்னிடம் வேறொரு குழாய் கேட்டார். அதன் நுனிக் கண்ணாடி சாய்வாக இருக்கும், முடுக்குக்குள் திரும்பிப் பார்க்கும். அதை வாசல்வரை கொண்டுபோய்க் கீழே திருப்பினார்.

"வாசல்ல நின்னே பார்த்துட்டீங்க சார். தரையைப் பார்க்கல. தரைக்குக் கீழே யாரு குடியிருக்கா?"

எட்வின் சார் தலையில் அடித்துக்கொண்டார். "பல்லு!"

"அதைக் கொஞ்சம் அழுத்துங்க."

மேல்தாடையில் உறை போட்ட கடைவாய்ப் பல் அது. ஒருநாளும் வலித்ததில்லையாம். எட்வின் சார் விரலால் அழுத்தினார். திரையில், சைனஸின் தரையில், மஞ்சளாக ஒரு சீழ்க்குமிழி எழுந்தது. விரலை எடுத்தார், அடங்கியது. மறுபடி அழுத்தினார், எழுந்தது.

"அடப்பாவி!" என்று கத்தினார் பொன்னுத்தாய். "இதுவாடா என் சாம்பார்ல ஊசினது!"

பெத்துராஜ் குழாயும் மூக்குமாகச் சிரித்தார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து திரை வெளுத்துவிட்டது. "சிரிக்காதீங்க" என்ற மேடமும் சிரித்துவிட்டார்.

மறுவாரம் ஆபரேஷன். எட்வின் சார் கீழேயிருந்து பல்லை எடுத்தார். மேடம் மேலேயிருந்து சீழை உறிஞ்சிக் கழுவினார். பல் இருந்த பள்ளத்தை மூடித் தைத்தார்கள்.

புண் ஆறியபிறகு இருவரும் வந்தார்கள். பொன்னுத்தாய் கையில் பை இல்லை, தூக்குவாளி இருந்தது. இந்தமுறை எட்வின் சார் சாய்வுக் குழாயை அவரே கேட்டு வாங்கினார். வாசல், முடுக்கு, தரை என்று ஒன்று விடாமல் பார்த்தார்.

"இப்போ சொல்லலாமா மேடம், ஒண்ணுமில்லைன்னு?"

"பொறுங்க சார்." மேடம் பொன்னுத்தாயைப் பார்த்தார். "அதைத் திறங்கம்மா."

பெத்துராஜ் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவாளியை மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஊசல" என்றார். கண் நிறைந்துவிட்டது. "பெருங்காயம் மணக்குதுடி, பொன்னு." கொஞ்சம் யோசித்தார். "உப்புதான் ஒரு கல்லு கூட."

"மூக்கு வந்த மறுநிமிஷமே வாய்க்கொழுப்பும் வந்திருச்சாக்கும்!" என்று அவர் தோளில் ஒன்று வைத்தார் பொன்னுத்தாய். அவரும் அழுதுகொண்டேதான் சிரித்தார்.

மேடம் எட்வின் சார் பக்கம் திரும்பினார்.

"அவரு சொல்லிட்டாரு. இனி நீங்க சொல்லலாம், சார்."