ஒரு கோடு சத்தம்

"அம்மா, எனக்கு ஒரு வரி வேணும்."

சௌந்தரபாண்டியன் பாயில் உட்காரும் முன்பே கேட்டார்.

சிறுமலை அடிவாரத்து மடத்தின் தலைவி தவமணி, சமையலறை வாசலில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பாண்டியனைவிட அவருக்குப் பதினொரு வயது குறைவு. ஆனாலும் மற்றவர்களைப் போலவே பாண்டியனும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார். எந்தச் சண்டைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம்.

"என்ன வரி?"

"ஒரே ஒரு வரி. அதைப் போட்டா அந்தப் பக்கத்து ஆளுங்க மறுபடி வாயே திறக்கக் கூடாது."

"காலையில ரேயான் மன்றத்து ஆள் ஒருத்தர் வந்தார். அவரும் இதையேதான் கேட்டார்."

"கொடுத்துட்டீங்களா?"

"காபி கொடுத்தேன்."

பாண்டியன் உட்கார்ந்தார்.

திண்டுக்கல்லில் பழைய செல்போன் வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவர் அவர். பாடகி நிவேராவின் ரசிகர் மன்றத்துக்கு மாவட்டத் தலைவர். நிவேராவின் புது ஆல்பமும் பாடகர் ரேயானின் ஆல்பமும் ஒரே வாரத்தில் வெளிவந்தன. அன்றிலிருந்து இரண்டு மன்றங்களும் சண்டையை நிறுத்தவில்லை.

"கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"தூங்கலைம்மா. அவங்க ஆல்பம் ஒரு கோடி தடவை ஓடிச்சுன்னு நெட்ல போடறாங்க. நாங்க ஒண்ணேகால் கோடின்னு போடறோம். அது பொய்ங்கறாங்க. அவங்களோடதுதான் பொய்னு நாங்க படம் போட்டுக் காட்டறோம். விடிஞ்சா திரும்ப முதல்லேருந்து."

"அலுப்பா இல்லையா?"

"அலுப்புதான். நிறுத்தினா அவங்க ஏறிடுவாங்களே."

தவமணி இன்னொரு காயை எடுத்தார்.

"இப்ப கிரீமை வேற பிடிச்சுக்கிட்டாங்க," என்றார் பாண்டியன்.

"எந்தக் கிரீம்?"

"பூந்துகில்னு ஒண்ணு. முகம் வெளுக்கறதுக்கு. எங்க மேடம் போன மாசம் அதுக்கு விளம்பரத்துல நடிச்சாங்க. காசுக்கு எதையும் விப்பாங்கன்னு ரேயான் ஆளுங்க எழுதினாங்க. உங்க ஆளு விளம்பரத்துல விக்கிற கலர் சோடா மட்டும் என்ன, ஒரு ஊர்த் தண்ணியையே உறிஞ்சித்தானே எடுக்கறாங்கன்னு நாங்க கேட்டோம்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ரேயான் ஆல்பம் எவ்வளவு ஓடியிருக்குன்னு சொன்னாங்க."

"நீங்க?"

"எங்களோடது எவ்வளவுன்னு சொன்னோம்."

தவமணிக்குக் கொட்டாவி வந்தது. கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"நானே ரெண்டு டப்பா வாங்கினேன்மா," என்றார் பாண்டியன். "ஆதரவு காட்டணும் இல்ல."

"யார் பூசிக்கறாங்க?"

"சின்ன மக."

தவமணி ஒரு காயின் காம்பை வெட்டித் தள்ளினார்.

"எதிராளி பேசறதைத் தாங்கிக்கலாம்மா. எங்க மன்றத்துக்குள்ளயே ஒருத்தி கிளம்பிட்டா. அமலோற்பவம்னு பேரு. நூல் மில்லுல வேலை. மன்றம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இருக்கறவ. அவளே மேடத்தோட பேஸ்புக் பக்கத்துல போய், எல்லாரும் பார்க்கற மாதிரி ஒரு கேள்வி கேட்டுட்டா."

"என்ன கேள்வி?"

"ஆறாவது பாட்டைப் பாடின வாயால இந்தக் கிரீமை எப்படிம்மா விக்கறீங்க, அப்படின்னு."

"மேடம் பதில் சொன்னாங்களா?"

"அவங்க எங்க பார்க்கப் போறாங்க. ஆனா ரேயான் ஆளுங்க அதை எடுத்து ஊரெல்லாம் ஒட்டிட்டாங்க. பாருங்கடா, உங்க ஆளே கேட்கறான்னு. தலை காட்ட முடியலை."

"அதுக்காக?"

"இன்னிக்கு ஆறு மணிக்கு அவளை மன்றத்தை விட்டுத் தூக்கறோம். துரோகின்னு போட்டோவைப் போட்டு, கீழே அவ போன் நம்பரையும் போடறோம். அதுக்கு மேல போடத்தான் நான் வரி கேட்கறேன்."

"நம்பர் எதுக்கு?"

"மிச்சத்தைப் பசங்க பார்த்துப்பாங்க."

"என்ன பார்த்துப்பாங்க?"

பாண்டியன் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் ஒருத்தனுக்கு இப்படிப் போட்டோம். நம்பரை மாத்தினான். அப்புறம் வேலையை மாத்தினான்."

"அப்புறம்?"

"ஊரை."

தவமணி கத்தியைத் தட்டில் வைத்தார்.

"அமலோற்பவத்துக்கு வீட்டுல யார் இருக்கா?"

"யாரும் இல்லை. மில் ஹாஸ்டல்ல இருக்கா. எனக்கு மன்றம்தான் சொந்தக்காரங்கன்னு சொல்லிட்டிருப்பா." பாண்டியன் மூச்சை இழுத்து விட்டார். "நான் சரின்னு சொன்னாத்தான் போடுவாங்க. செயலாளர் முபாரக் காத்திட்டிருக்கார். நீங்க வரியைச் சொல்லுங்கம்மா. நான் கிளம்பறேன். எனக்கும் முடியலை."

"ஆறாவது பாட்டு என்ன பாட்டு?"

"அதுதான் இப்ப நல்லா ஏறுது. நாற்பது லட்சம் தாண்டிடுச்சு."

"என்ன பாட்டுன்னு கேட்டேன்."

"மூணு நிமிஷம் நாற்பது நொடி. ஆல்பத்துலயே சின்னது அதுதான். அதனால ஒரு நாளைக்கு நிறையத் தடவை ஓட்டலாம்."

"அதுல என்ன சொல்றாங்க?"

பாண்டியன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

பைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன எரியுது?"

"போன்தான். ஆல்பம் ஓடிட்டிருக்கு. கடையில இருக்கற பழைய போன் எல்லாத்துலயும் ராப்பகலா ஓடுது. வெளியே வந்தா இதுல ஓட்டுவேன்."

"எனக்குக் கேட்கலையே."

"எனக்கும் கேட்காதும்மா. மியூட்ல போட்டா கணக்குல ஏறாதுன்னு சொல்றாங்க. அதனால ஒரே ஒரு கோடு சத்தம் வெச்சிருக்கோம். மாவட்டம் பூரா அப்படித்தான்."

தவமணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

பாண்டியன் தயங்கித் தயங்கிப் போனைக் கொடுத்தார்.

தவமணி ஆறாவது பாட்டைத் தேடித் தொட்டார்.

"அம்மா, நடுவுல மாத்தினா ஓடிட்டிருந்த பாட்டு கணக்குல வராது."

அவர் சத்தம் கூட்டும் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சார்ஜ் இறங்கிடும்மா."

போனைப் பாயின் நடுவே வைத்தார்.

கரகரவென்று ஒரு சத்தம். கல்லின்மேல் கல் உரசும் சத்தம்.

பாண்டியன் சமையலறைப் பக்கம் திரும்பினார். "உள்ளே யாரோ அரைக்கறாங்க போல."

"உள்ளே யாரும் இல்லை. பாட்டுதான்."

பிறகு குரல் வந்தது. வேறு வாத்தியம் எதுவும் இல்லை.

*வெளுக்கும்னு அம்மா அரைச்ச மாவை
ஆத்துல கரைச்சுட்டேன்.
ஆறு வெளுக்கலை அம்மா,
நான் எதுக்கு வெளுக்கணும்?*

பாண்டியன் போன் பக்கம் திரும்பினார்.

பாட்டில், பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார்கள். அம்மா மறுபடி கல்லைக் கழுவுகிறாள். மகள் அந்தக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அரைக்கும் சத்தம் நிற்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

"நல்லா இருக்கே," என்றார் தவமணி.

பாண்டியன் குனிந்து, அதே பாட்டை மறுபடி தொட்டார்.

இரண்டாவது முறையும் கல் உரசியது. இந்தத் தடவை அவர் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா."

"ம்."

"ஒண்ணேகால் கோடி ஓடியிருக்கு. இத்தனை பேர்ல அமலோற்பவம் அவங்களுக்கு மட்டும் ஏன் அப்படிக் கேட்கத் தோணிச்சு?"

"மத்தவங்க யாரும் கேட்கலை போலிருக்கு," என்றார் தவமணி. கத்தியை எடுத்துக்கொண்டு மிச்ச வெண்டைக்காயை நறுக்க ஆரம்பித்தார்.

பாண்டியனின் இன்னொரு பையில் இன்னொரு போன் அடித்தது. முபாரக்.

"அண்ணே, எல்லாம் ரெடி. அம்மா வரி கொடுத்தாங்களா?"

"இல்லை."

"போகட்டும்ணே. நானே ஒண்ணு எழுதிட்டேன். படிச்சா ரேயான் ஆளுங்க ஊரைக் காலி பண்ணிடுவாங்க. நம்பரோட சேர்த்துப் போட்டுடவா?"

"போடாதீங்க."

"என்னண்ணே?"

"அவங்க நம்ம மன்றத்துலயே இருக்கட்டும். அந்த நம்பரை எல்லார் போன்லேருந்தும் அழிக்கச் சொல்லுங்க."

"யாரை? துரோகியையா? அண்ணே, பசங்க என்னைக் கிழிச்சிடுவாங்க. நாளைக்கு அந்தப் பக்கம் என்ன சொல்வாங்க தெரியுமா?"

பாயின் நடுவே குரல் ஏறிக்கொண்டிருந்தது.

"அங்க என்னண்ணே, ஒரே பாட்டுச் சத்தமா இருக்கு? அண்ணே? கேட்குதா?"

"இப்பத்தான் கேட்குது," என்றார் பாண்டியன்.