எண்ணெய் போன மரம்

"எனக்கு விடை குடுங்க ஆசானே. இனிமே இந்தச் சிலம்பக்கூடத்துல எனக்கு வேலை இல்ல" என்றான் மாசானமுத்து.

தளவாய் ஆசான் அப்போதுதான் மோர்ச் செம்பை வாயருகே கொண்டுபோயிருந்தார். குடித்து முடித்த பிறகே நிமிர்ந்தார்.

"ஏன் வே?"

ஆசானுக்குச் சீடனைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் ஆசான் ஆசான்தான். இவன் 'நீங்க' என்பான், அவர் 'நீர்' என்பார். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

மாசானமுத்துவின் உடம்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பார்த்துப் பார்த்துச் செய்த உடம்பு. மற்றவர்கள் ஒரு மாதம் உருண்டு பழகுவதை ஒரே காலையில் பிடித்துவிடுவான். ஊரே வாயைப் பிளக்கும்.

அதே கூடத்தில் அவனுக்கு இளைய சீடனான புலமாடனைப் பார்த்து யாரும் வாயைப் பிளந்ததில்லை. சிரித்திருக்கிறார்கள். குட்டைக் கை, பானை வயிறு. அவனிடம் இருந்தது ஆசை ஒன்றுதான். அதைப் பித்து என்றும் சொல்லலாம்.

அன்று கோயில் கொடைத் திருவிழா. நாற்பதடி மரத்தைப் பட்டை சீவி, மேலிருந்து கீழ்வரை விளக்கெண்ணெய் மெழுகி நட்டிருந்தார்கள். உச்சியில் ஒரு மஞ்சள் துணி. எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். மரத்தையோ உடம்பையோ துடைக்கக் கூடாது, கையால் மண்ணையோ சாம்பலையோ தொடக் கூடாது.

"துணியை எடுக்கிறவன்தான் மூத்த சீடன். எனக்கப்புறம் கூடம் அவன் கையில" என்று ஆசான் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மாசானமுத்து ஒன்பது வருஷம் காத்துக் கிடந்தான்.

காலையில் முதல் ஆளாக ஏறினான். இருபதடி வரை சரசரவென்று போனான். கூட்டம் ஓவென்று கத்தியது. அங்கே பிடி நழுவிச் சறுக்கிக்கொண்டு கீழே வந்தான். நாலு பேர் சிரித்தார்கள்.

முகம் சுண்டிப்போயிற்று. ஆற்றில் இறங்கித் தேய்த்துக் குளித்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். அதன் பிறகு மரத்தைத் தொடவே இல்லை.

புலமாடன் ஏறினான். ஆளுயரத்தில் வழுக்கினான்.

ஏறினான். வழுக்கினான்.

கூட்டம் சிரித்துச் சிரித்து அலுத்துப்போய்ச் சாப்பிடக் கிளம்பிவிட்டது. அவன் கிளம்பவில்லை. ஒவ்வொரு தடவை விழுந்த பிறகும், அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப் போல மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

மூன்று மணி வாக்கில், மஞ்சள் துணியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கி வந்தான்.

அதுதான் மாசானமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஏறுனது எண்ணெ மரம் ஆசானே. அவன் ஏறுனது எண்ணெ போன மரம். அதுல பச்சப்புள்ளகூட ஏறிரும்."

"அப்படியா?"

"இப்ப ஏறச் சொல்லுங்க. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள உச்சியில நிப்பேன்."

"சரி, ஏறும். உச்சியைத் தொட்டுட்டா நீர்தான் மூத்தவர்."

மாசானமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான்.

"ஒண்ணு மட்டும்" என்றார் ஆசான். "ஜெயிச்சவனைக் கட்டிப்பிடிக்கிறது நம்ம கூடத்து வழக்கம். நீர் இன்னும் செய்யல. செஞ்சுட்டுப் போய் ஏறும்."

இவ்வளவுதானே என்று போனான்.

புலமாடன் மரத்தடியிலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கத் தெம்பில்லை. ஆனாலும் அண்ணாச்சி வருவதைப் பார்த்ததும் எழுந்தான். சூதுவாது தெரியாதவன். நெஞ்சோடு நெஞ்சு சேர இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மாசானமுத்து விலகினான். ஓடிப்போய் மரத்தைத் தாவிப் பிடித்தான்.

மரம் காய்ந்துதான் கிடந்தது. அவன் சொன்னதில் பொய்யில்லை.

வழுக்கினான்.

மறுபடி தாவினான். மறுபடி வழுக்கினான். மூன்றாவது தடவை ஆளுயரம்கூடப் போக முடியவில்லை.

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். பளபளவென்று எண்ணெய். நெஞ்சிலும் எண்ணெய், தொடையிலும் எண்ணெய். ஒரே ஒரு தடவை கட்டிப்பிடித்ததற்கே இவ்வளவு.

மெல்லத் திரும்பிப் புலமாடனைப் பார்த்தான்.

தலை முதல் கால் வரை வழிந்துகொண்டிருந்தது. நாற்பதடி மரத்து எண்ணெய் முழுவதும் அவன் மேல் இருந்தது. அதற்கடியில் நெஞ்செல்லாம் சிராய்ப்பு.

மாசானமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏலே... இந்த உடம்போட எப்படில ஏறுன?"

புலமாடன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்தான்.

"வழுக்கிக்கிட்டேதான் அண்ணாச்சி."